நீலத் தொட்டிகளைத் தாண்டிய பாட்டில்

ரியோவின் அந்த மலைச்சரிவுக் குடியிருப்பில் வானத்தில் ராக்கெட் வெடி போனால் ஒரே அர்த்தம்தான்: போலீஸ் ஏறி வருகிறது. அதனால்தான் ஜுசாரா டீச்சர் காலையிலேயே போதைக் கும்பலுக்காக முனையில் காவல் இருக்கும் தாட்டுவிடம் போய்ச் சொல்லி வைத்தாள்.

"பாட்டில்ல தண்ணி ஊத்தி, பம்பால காத்தடிச்சு விடுற ராக்கெட்டு. வெடிக்காது. நாலாம் வகுப்புப் பாடம்."

"நிலாவுக்குப் போனா எனக்கும் ஒரு மனை பாத்து வைங்க அத்தை." மடியில் துப்பாக்கியோடு சிரித்தான். டீச்சர் என்றால் அங்கே எல்லோருக்கும் அத்தைதான். "சாப்பாட்டுக்கு முன்னாடி விட்ருங்க. அப்புறம் வேற ஆளு வந்துருவான்."

ஆனால் தக்கை கசிந்தது. பிள்ளைகள் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி அடைப்பதற்குள் சோறும் பீன்ஸும் வந்துவிட்டன. சாப்பிட்ட பிறகு ஜுசாரா தயங்கினாள். தாட்டு அடுத்தவனிடம் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். விடச் சொன்னாள்.

சிவப்பு இறக்கை ஒட்டிய பாட்டில் கூரைகளின் நீலத் தண்ணீர்த் தொட்டிகளைத் தாண்டி ஏறியது. உயரம் பார்க்க, நூல் கட்டிய கோணமானியைக் கண்ணருகே பிடித்திருந்தான் கயூ. கைதட்டல் அடங்குவதற்குள் மேல் சந்தில் நிஜ வெடி கிளம்பியது. கீழ் முனையில் இன்னொன்று. பிறகு துப்பாக்கிகள்.

பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடைவழிக்கு ஓடிக் குப்புறப் படுத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அவர்கள் முதுகில் கொட்டியது. ஜுசாரா ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தாள். தைனாரா இல்லை.

"பாட்டில எடுக்கப் போனா அத்தை," என்றான் கயூ. "எடுக்கிற வேலை அவளோடதுதானே."

முற்றத்தில் ஜுசாரா தவழ்ந்து போனபோது தலைக்கு மேலே செங்கல் தூளாகத் தெறித்தது. வாசலில் அவள் பார்த்தறியாத ஒருவன் தைனாராவின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். சிறுமி பாட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் சட்டை ரத்தத்தில் ஊறியிருந்தது. அவனுடைய ரத்தமல்ல. பின்னாலிருந்த படியில் ஒருவன் கழுத்தைப் பொத்திக்கொண்டு கால்களை உதைத்தான்.

"எவ விடச் சொன்னா?"

"நான்தான். பிள்ளைய விட்ருப்பா."

துப்பாக்கிக் கட்டை அவள் வாயில் இறங்கியது.

"போலீஸே வரலடி. எங்காளுங்களே எங்காளைச் சுட்டுட்டானுங்க." துப்பாக்கி முனையை அவள் நெற்றியில் அழுத்தினான்.

"தண்ணிதாண்ணே," என்றாள் தைனாரா. பாட்டிலைச் சாய்த்தாள். மிச்சமிருந்தது அவன் செருப்பின் மேல் ஒழுகியது. "வெறும் தண்ணி. பாருங்க."

அவன் காலையே பார்த்தான். படியில் உதைப்பு நின்றிருந்தது. சிறுமியை டீச்சர் மேல் தள்ளிவிட்டு அங்கே ஓடினான்.

நடைவழியில் தைனாராவைத் தரையோடு அழுத்தி, அவள் மேல் ஜுசாரா கவிழ்ந்து படுத்தாள்.

"அத்தை, நூல் அறுபதுல நின்னுச்சு," என்று கயூ கிசுகிசுத்தான். "படுக்கிறதுக்கு முன்னாடி பாத்துட்டேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு பல் தரையில் விழுந்தது.

வெளியே தாட்டுவின் குரல் கேட்டது. "மறந்துட்டேன்டா. சொல்ல மறந்துட்டேன். சத்தியமா—"

ஜுசாரா தைனாராவின் காதுகளைப் பொத்தினாள். ஒரே ஒரு குண்டுதான் வெடித்தது.