ஞாயிற்றுக்கிழமை இருமல்

காரின் பானெட்டுக்குள் மூன்று ஆண்கள் தலையை விட்டிருந்தார்கள். காபித் தட்டோடு வாசலுக்கு வந்த ஞானம்பாளுக்கு அவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன. கைலி கட்டியிருந்தவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் திருநாவுக்கரசு. அணு உலைக்குள் நியூட்ரான் எப்படி ஓடும் என்று கணக்குப் போடுகிற அவர், இந்தக் கார் ஏன் ஓடவில்லை என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். வேட்டி அவள் கணவர் ராமானுஜம். ஜீன்ஸ் பேண்ட், மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் அருணகிரி. மூவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையான காரணம் நானாகத்தான் இருக்கும் என்று ஞானம்பாளுக்கு ஒரு பயம்.

காரின் வியாதி விசித்திரமானது. கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குள் சுற்றினால் பரம சாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி ஐம்பதைத் தாண்டியதும் 'கெக் கெக்' என்று இரண்டு இருமல், ஒரு குலுக்கல், அப்புறம் சாலையோரம் போய்ப் படுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். கோவளத்து மெக்கானிக் மோசஸ் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டார். அவர் ஷெட்டில் நிற்கிறவரைக்கும் அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை. திரும்பி வரும் வழியில், மகாபலிபுரம் வருவதற்குள் தன் வேலையைக் காட்டிவிட்டது.

ராமானுஜம் பார்க்கிறவர்களிடமெல்லாம் காரைப் பற்றிக் குறை சொன்னார். பால் பூத்தில் சொன்னார், கேண்டீனில் சொன்னார், லைப்ரரியில் பேசக்கூடாது என்று போர்டு வைத்திருந்த இடத்திலும் போய்ச் சொன்னார். இதில் ஞானம்பாளுக்கு ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. தொண்ணூற்றேழில் ஆபீஸில் அவருக்குக் கீழே இருந்தவரைத் தூக்கி அவருக்கு மேலே வைத்த நாளிலிருந்து மனுஷன் வாயைப் பூட்டிக்கொண்டார். ஆபீஸ் விட்டு வருவார், டிவி முன்னால் உட்காருவார், சாதம் என்றால் தட்டை நீட்டுவார். இரண்டு வருஷம் அந்த வீட்டில் குக்கர் போட்ட சத்தம்தான் பெரிய சத்தம். காருக்கு இருமல் வந்த பிறகு அவருக்குப் பேச்சு வந்தது. நாலு பேர் வர, நாலு பேருக்குக் காபி போட, வீடு வீடாக ஆயிற்று.

ஆனால் அந்த இருமல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

போன ஐப்பசியில் மகள் சங்கரியைத் திருவிடந்தைக்கு அழைத்துப் போயிருந்தாள். அங்கே பெருமாள் தினம் ஒரு கல்யாணம் செய்துகொண்டவர். கல்யாணம் ஆகாதவர்கள் அவருக்கு மாலை சாத்தி, பிரசாதமாகத் திரும்பக் கிடைக்கிற மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுவார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய்க் கோயிலில் சேர்க்க வேண்டும். அதற்கு முந்தைய வருஷமும் இப்படி ஒரு மாலை வந்து பூஜை அலமாரியில் இருந்தது. போகிக்குப் பழசை எரிக்கிறேன் பேர்வழி என்று ராமானுஜம் அதையும் அள்ளிக் கொண்டுபோய் நெருப்பில் போட்டுவிட்டார். "காய்ஞ்ச பூவையெல்லாம் சேத்து வச்சுக்கிட்டு... பூச்சிதான் வரும்" என்றார். அவள் கத்தினாள், அழுதாள். "பூவால கல்யாணம் நடக்கும்னா பூக்காரிங்க வீட்ல கவலையே இருக்காதே" என்று அவர் சிரித்தார். அந்த வருஷம் முழுக்க அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

அதனால்தான் இரண்டாவது மாலையை ராமானுஜத்தின் கை படாத இடமாகப் பார்த்து வைத்தாள். அலமாரி, பரண், அரிசி டப்பா எல்லாவற்றையும் அவர் குடைவார். ஆனால் காரை வெளியே பளபளவென்று துடைப்பாரே தவிர, பானெட்டை ஒருநாளும் திறக்க மாட்டார். உள்ளே இருப்பது எதுவானாலும் கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான் என்பது அவர் கட்சி. ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைக்கிற இடம்தானே, தோஷமில்லை என்று ஞானம்பாள் மாலையை மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு கறுப்புக் குழாயின் பக்கத்து இடுக்கில் செருகி வைத்தாள். அடுத்த மாதம் இருமல் ஆரம்பித்தது. யாரும் பார்க்காதபோது அதை எடுத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தாள். எடுத்தால் வேண்டுதல் என்ன ஆகும் என்று ஒரு பயம். அதைவிட, இருமல் நின்றுவிட்டால் வீடு மறுபடி ஊமையாகிவிடுமோ என்று இன்னொரு பயம்.

அருணகிரி வந்து சேர்ந்ததும் இந்த இருமலால்தான். தை மாசத்தில் ஒருநாள் கார் திருவிடந்தைக் கோயில் வளைவுக்கு எதிரிலேயே நின்றுபோனது. பைக்கில் போய்க்கொண்டிருந்தவன் இறங்கி, "இன்னா சார், பெட்ரோல் கீதா?" என்று கேட்டு, தானே தள்ளி ஓரம் கட்டினான். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கம்பெனியில் பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் இருந்தான். பிளக்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னான். பிளக் மாற்றியும் கார் இருமியது. பிறகு பெட்ரோல் பம்ப் என்றான், அதுவும் இல்லை. தப்பாகச் சொன்னோமே என்ற வெட்கம் துளியும் இல்லாமல் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நின்றான். ராமானுஜமும் சனிக்கிழமை ராத்திரியே, "நாளைக்கு அந்தப் பையன் வருவான், இட்லிக்கு அரைச்சியா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

சங்கரி செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்க வந்த ஒருவனிடம், "உங்க வேலையில நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று கேட்டு, அவன் திணறி, அந்த இடம் தட்டிப்போனது. அதற்குப் பின் வந்த இடங்களும் ஏதேதோ சொல்லிக்கொண்டு போயின. அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமைகளில் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு கார் நிற்கிற வேப்பமரத்தடிக்கு வந்தாள். உள்ளே புழுக்கமாம். அருணகிரியிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். அவன் ஒரு போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுசாகச் சொன்னான். அவள் குறுக்குக் கேள்வி கேட்டாள். அதற்கும் சொன்னான். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்த ஞானம்பாளுக்கு அடுப்பில் ரசம் பொங்கியது தெரியவில்லை. கும்பகோணத்து உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று உடனே கவலையும் வந்தது. வேண்டிக்கொள்ளும்போது என்ன ஊர், என்ன ஜாதி என்று பெருமாளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மறந்தது தன் தப்புதான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துவிட்டுச் சிரிப்பும் வந்தது.

இப்போது காபி குடித்ததும் திருநாவுக்கரசு தன் கணக்கோடு குளிக்கப் போய்விட்டார். அருணகிரி சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"சார், இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம். எல்லாத்தியும் பாத்தோம், காத்து போற குழாயத்தான் கழட்டிப் பாக்கல. நீங்க உள்ள குந்துங்க. சொல்லும்போது ஸ்டார்ட் பண்ணுங்க."

ராமானுஜம் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். தூக்கி நிறுத்திய பானெட்டுக்குப் பின்னால் அவர் முகம் மறைந்துபோனது. மரத்து நிழலில் உள்ளே இருட்டாக இருக்கிறது என்று சங்கரி டார்ச் பிடித்தாள். அருணகிரியின் கை அந்தக் கறுப்புக் குழாயை நோக்கிப் போயிற்று.

"தம்பி, டிபன் ஆறிடும். சாப்ட்டுட்டு வந்து பாக்கலாமே" என்றாள் ஞானம்பாள்.

"ரெண்டு நிமிசம்மா."

குழாயின் அடிப்பக்க வாயில், மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி, மஞ்சள் துணி பாதி உறிஞ்சப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி வேகமெடுக்கும்போதெல்லாம் காற்று அதை இழுத்து வாயை அடைத்திருக்கிறது; நின்றதும் துணி தளர்ந்திருக்கிறது. அவன் மெல்ல உருவினான். முடிச்சு அவிழ்ந்து, சருகாகிப்போன சாமந்தியும் ரோஜாவும் அவன் உள்ளங்கையில் கிடந்தன. சங்கரி டார்ச்சை அதன்மேலேயே பிடித்தபடி நின்றாள். அது என்ன மாலை என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"அம்மா... இங்கயா வச்சே?"

ஞானம்பாள் டிரைவர் சீட்டுப் பக்கம் பார்த்தாள். போச்சு என்று நினைத்தாள். இவன் சிரிப்பான், சத்தம் கேட்டு அவர் இறங்கி வருவார், இதையும் நெருப்பில் போடுவார். அதற்கப்புறம் என் மகளுக்கு வழி ஏது? கை தானாகக் கும்பிடுகிற மாதிரி மார்பருகே போயிற்று.

அருணகிரி அந்த மாலையைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எங்க வூட்லயும் ஒண்ணு கீதும்மா. எங்கம்மா பீரோ பக்கத்துல ஆணியடிச்சி மாட்டி வெச்சிகீறாங்க. யாரும் தொடக்கூடாது."

"யாருக்கு?" என்று கேட்டாள் சங்கரி.

"எனக்குத்தான். ரெண்டு வருசமா தொங்கிக்கினு கீது."

டார்ச் வெளிச்சம் ஆடியது. சங்கரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "இதுக்கு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலை" என்றாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"என்னப்பா, ஸ்டார்ட் பண்ணட்டா?" என்று உள்ளேயிருந்து ராமானுஜம் கத்தினார்.

"இருங்க சார், ஒரு நிமிசம்!"

அவன் பூக்களை உதிராமல் துணிக்குள் சேர்த்து முடிந்தான். குழாயைவிட்டுத் தள்ளி, எஞ்சின் சூடும் படாத ஒரு மூலையில், சங்கரியிடம் ரிப்பன் வாங்கி இறுக்கிக் கட்டினான். "இங்க இருந்தா காத்துக்கும் தொந்தரவில்ல, இதுக்கும் தொந்தரவில்ல" என்று ஞானம்பாளிடம் சொன்னான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, டம்ளர்களைப் பொறுக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

கார் கிளம்பிய சத்தம் புது வண்டிச் சத்தமாக இருந்தது. ராமானுஜமும் அருணகிரியும் சங்கரியும் அதில் ஏறி மகாபலிபுரம் தாண்டி, திருவிடந்தை வரை போய்த் திரும்பினார்கள். எழுபதில் போனபோதுகூட ஒரு செருமல் இல்லை என்று சங்கரி வந்து சொன்னாள். அருணகிரி இட்லி சாப்பிட்டான். என்ன கோளாறு என்று ராமானுஜம் கேட்டபோது, "காத்துக் குழாயில அடைப்பு சார்" என்றதோடு நிறுத்திக்கொண்டான். பொய்யில்லை. அவன் பைக் தெருமுனை திரும்பும்வரை சங்கரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராமானுஜம் ஒன்றும் பேசாமல் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு கார் துடைக்கப் போனார்.

ஞானம்பாள் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். இனி யார் வருவார்கள்? வண்டி சரியாகிவிட்டது. திருநாவுக்கரசுக்கு வேறு கணக்கு கிடைத்துவிடும். அந்தப் பையனும் எந்தச் சாக்கில் வருவான்? சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் மனசு கனத்தது.

துடைத்துக்கொண்டே முன்பக்கம் வந்தவர் குனிந்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலிருந்து எதையோ எடுத்தார். காய்ந்த சாமந்தி இதழ்கள். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் நூல். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ராமானுஜம் அதை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கேட்டருகே நின்ற மகளை ஒருமுறை பார்த்தார். வேலிக்கு வெளியே வீசுவார் என்று ஞானம்பாள் நினைத்தாள். அவர் கார்க் கதவைத் திறந்து, பானெட்டுக்கான லீவர் எங்கே இருக்கிறது என்று தடவித் தடவித் தேடினார். அதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு பானெட்டை உயர்த்தி, உள்ளே குனிந்து, அந்த இதழ்களை எங்கேயோ வைத்துவிட்டுச் சத்தம் வராமல் மூடினார்.

மறுபடி வெளியே வந்த திருநாவுக்கரசு வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டார்: "என்ன சார், சரியாயிடுச்சு போல?"

"எங்க சரியாச்சு?" ராமானுஜத்தின் குரல் தெருவுக்கே கேட்டது. "கடைசி வளைவுல இன்னும் லேசா ஒரு இருமல் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழமை அவன் வந்து பாத்தாத்தான் தெரியும்."

கேட்டருகே சங்கரி சட்டென்று திரும்பினாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த பானெட்டை இன்னும் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.