வீட்டு வரி, தண்ணி வரி, இளவரசி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் ஒரு சிறிய பேரூராட்சி. அங்கே செந்தமிழ்செல்வன் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தான். கல்யாணத்துக்குப் பாட்டு, கோயிலுக்குக் குழாய் ஸ்பீக்கர், பந்தலுக்கு சீரியல் லைட்டு, எல்லாம் அவன் வேலை. அறிவிப்பு மட்டும் அவன் மனைவி இளவரசியின் பொறுப்பு. மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி நடந்தால், கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்ப்பது அவள் குரல்தான். சிதம்பரத்துக் கல்யாண மண்டபங்களில் பந்திக்கு ஆட்களை எழுப்புவதும் அதே குரல்தான். கேட்பவர்களுக்கு ஏதோ நல்ல செய்தி வரப்போகிறது என்று தோன்றும்படி பேசுவாள்.

கொரோனா இரண்டாம் அலை வந்தது. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை. ஸ்பீக்கர் பெட்டிகளெல்லாம் முன்னறையில் தார்ப்பாய்க்குள் கிடந்தன. ஒரு பெட்டிக்குள் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பேரூராட்சியில் வரி வசூலிக்கும் பில் கலெக்டர் ஸ்ரீதர், கையில் இரண்டு தாள்களோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"மேடம், ரெண்டு அறிவிப்பு. நீங்க பேசிக் குடுத்தீங்கன்னா ஆட்டோவுல போட்டுத் தெருத் தெருவா விட்டுடுவோம்."

இளவரசிக்குச் சந்தோஷம். எதிரொலி வராமல் இருக்கப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வியர்த்து வழிய இரண்டையும் பேசி முடித்தாள். செந்தமிழ்செல்வன் இரண்டையும் ஒட்டி ஒரே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். மறுநாள் காலை ஆட்டோ கிளம்பியது.

"அன்பார்ந்த பொதுமக்களே, அரிசி அட்டைதாரர்களுக்கான கொரோனா நிவாரணத் தொகை நியாயவிலைக் கடையில் வழங்கப்படுகிறது. இடைவெளி விட்டு நின்று பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டு வரி, குடிநீர் வரி பாக்கி வைத்திருப்போர் மாத இறுதிக்குள் செலுத்தத் தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். கைகளை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள்."

எழுதிக் கொடுத்தவருக்கும் பேசியவளுக்கும் அதில் எதுவும் உறுத்தவில்லை. கேட்டவர்களுக்கு உறுத்தியது.

முதலில் பிடித்துக்கொண்டவள் மீன்காரி மாரியம்மாள். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் உப்பனாற்றுக் கெளுத்தியும் கொஞ்சம் இறாலும்தான் அவள் கூடையில். இளவரசி மாஸ்க் போட்டுக்கொண்டு போய், "கெளுத்தி எப்படி?" என்று கேட்டதுதான் தாமதம், மாரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதானா அது? ஏம்மா, தண்ணியப் புடுங்கிட்டு கையக் கழுவுன்னா எதுல கழுவுறது? மீன் கழுவுன தண்ணியிலியா?"

"நான் எழுதலக்கா. படிக்கத்தான் செஞ்சேன்."

"படிச்சது நீதான? ஊரே பொழப்பில்லாம கெடக்குது. ஒரு கையால ரெண்டாயிரம் குடுத்துட்டு மறு கையால வரி கேட்டா என்னா அர்த்தம்?"

அன்றிலிருந்து ஆரம்பித்தது. ஊரில் எல்லார் முகமும் மாஸ்க்குக்குள் இருந்தது. யார் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. இளவரசியை மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. மருந்துக்கடையில் மாத்திரை கேட்டால், கை கழுவுகிற மருந்துக்குக்கூட வரியா என்று அவளிடம் கேட்டார்கள். பெட்ரோல் விலை நூறைத் தொடப்போவதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டு "அலோ" என்றாள். அந்தப் பக்கம் இருந்த ஆள், "அம்மா, போன மாசமே வரி கட்டிட்டேம்மா" என்றான்.

"மாமா, என்னால முடியல" என்றாள் செந்தமிழ்செல்வனிடம். "பால் வாங்கப் போனாக்கூட அரசாங்கம் வருதுன்னு ஒதுங்கி நிக்கிறாங்க."

"பேசாம வாங்கிட்டு வந்துடு" என்றான் அவன்.

அவன் சாதாரணமாகச் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து கடைத்தெருவில் எல்லாம் சைகைதான். விரலைக் காட்டினாள், தலையை ஆட்டினாள். புதிதாக வந்த காய்கறி வண்டிக்காரன், பாவம் வாய் பேசாத பொம்பளை என்று நினைத்து இரண்டு கத்தரிக்காய் கூடவே போட்டான். அதை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கிக்கொண்டாள்.

ரேஷன் கடையில் மட்டும் சைகை பலிக்கவில்லை. அவர்களுடையது சர்க்கரை அட்டை. கல்யாண வீட்டுச் சாப்பாடே தூக்குச்சட்டியில் வந்துகொண்டிருந்த காலத்தில், நமக்கு எதற்கு ரேஷன் அரிசி என்று செந்தமிழ்செல்வன் பெருமையாக மாற்றிக்கொண்டது. இப்போது கல்யாணமும் இல்லை, தூக்குச்சட்டியும் இல்லை. கடைக்காரரிடம் அட்டையை நீட்டி, குரலை ஆனமட்டும் அமுக்கிக்கொண்டு கேட்டாள்.

"சார், இந்தக் கார்டுக்கு நிவாரணம் எதுனா..."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, அரிசி அட்டைக்குத்தான்னு காலையிலேர்ந்து நீதான் கத்திகிட்டுப் போற. எங்கிட்ட வந்து கேட்டா எப்படி?"

வரிசை முழுக்கச் சிரித்தது. இளவரசிக்குக் காது வரைக்கும் சூடேறியது. சர்க்கரையைக்கூட வாங்காமல் திரும்பினாள். வரிசையில் நின்றிருந்த மாரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"உனக்கும் இல்லியா?" என்றாள். "அடிப்பாவி. இல்லாததுக்கா அம்மாம் இனிப்பா பேசுன?"

அந்தக் கேள்வி இளவரசியை வீடு வரைக்கும் விடவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்ரீதர் மூன்றாவது தாளோடு வந்தார். 'இறுதி எச்சரிக்கை' என்று தடித்த எழுத்தில் தலைப்பு. இளவரசி ஒருமுறை படித்துவிட்டு, மடித்து அவரிடமே நீட்டினாள்.

"இத நீங்களே பேசிடுங்க சார். மைக்க வேணா மாமா தருவாரு."

"மேடம், எனக்கு மட்டும் ஆசையா? மேலேர்ந்து டார்கெட் குடுக்குறாங்க. வசூல் கொறைஞ்சா எனக்குத்தான் மெமோ."

"சரிதான் சார். ஆனா திட்டு எனக்கில்ல வருது?"

வேறு வழியில்லாமல் ஸ்ரீதரே போர்வைக்குள் புகுந்தார். அவருக்கு மூக்கடைத்த குரல். 'துண்டிக்கப்படும்' என்ற இடத்தில் மூன்று முறை இருமினார். கொரோனா காலத்து இருமல் என்பதால் செந்தமிழ்செல்வன் திண்டாடி அதை வெட்டி எடுத்தான். ஆட்டோ கிளம்பியது. மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, அது யார் குரல் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளவரசி மீன் வாங்கப் போனபோது, மாரியம்மாளின் கூடைக்கு முன்னால் ஒரு ஆள் நின்றிருந்தார். தலையில் ஹெல்மெட், அதற்குள் மாஸ்க். வாயைத் திறக்கவில்லை. உதட்டுக்கு இரண்டு பக்கமும் விரலால் மீசை போல இழுத்துக் காட்டினார். மீசை உள்ள மீன் கெளுத்தி. இளவரசியும் பழக்க தோஷத்தில் ஒன்றும் பேசாமல் அதே மீசையை இழுத்துக் காட்டினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாரியம்மாள் அரிவாள்மணையை ஒதுக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"வரி போடுறவரும் ஊமை, வரி சொல்றவளும் ஊமை. நான் யாருகிட்டத்தான் கேக்குறது?"

முதலில் சிரித்தது இளவரசிதான். ஸ்ரீதர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வெட்கத்தோடு.

"எங்க வீட்டுக்காரம்மாவே பேச மாட்டேங்குறா" என்றார். "அவுங்க அம்மா வீட்டுக்கும் இணைப்பக் கட் பண்ணுவேன்னு சொல்லிட்டேனாம்."

"அப்ப அத எழுதி மேல அனுப்புங்க சார்" என்றாள் இளவரசி. "ஊருல ஒருத்தரும் எங்ககூடப் பேச மாட்டேங்குறாங்க, வசூல் எப்படிப் பண்றதுன்னு கேளுங்க."

"கெளுத்தி அரைக் கிலோ" என்றார் ஸ்ரீதர், யோசித்துக்கொண்டே.

அவர் உண்மையிலேயே எழுதினார். அவர் எழுதியதால்தானா, வேறு எதனாலா என்று தெரியாது, பத்து நாளில் பேரூராட்சி கெடுவைத் தள்ளி வைத்தது. மூன்று மாதம் அவகாசம், அதுவரை யாருடைய தண்ணீரையும் நிறுத்தப்போவதில்லை. புதுத் தாளோடு ஸ்ரீதர் ஓட்டமாக வந்தார். இளவரசி படித்தாள். 'நிர்வாகத்தின் கனிவான பரிசீலனையின்பேரில்' என்று ஆரம்பித்திருந்தது.

"பொதுமக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்கன்னு மாத்திப் படிக்கட்டுமா?"

"மேடம், ஆர்டர்ல அப்படி இல்லியே."

"அப்ப நீங்களே பேசுங்க."

ஸ்ரீதர் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மாத்தியே படிங்க. ஆட்டோ வேகமாத்தான் போவும், யாரு கவனிக்கப் போறா."

அன்று இளவரசி பேசியது போல அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை என்று செந்தமிழ்செல்வன் சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்டோ மெதுவாகத்தான் போனது. மக்கள் வாசலுக்கு வந்து கேட்டார்கள். சர்க்கரை அட்டைக்கு மட்டும் கடைசி வரைக்கும் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மாரியம்மாள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் காய்கறி வண்டிக்காரன், மருந்துக்கடைக்காரர், இன்னும் நாலைந்து பேர், இடைவெளி விட்டு ஒழுங்காக வரிசையில்.

"என்னாக்கா?" என்றாள் இளவரசி.

அவள் குரலைக் கேட்டதும் வண்டிக்காரன் வாயைப் பிளந்தான். மாரியம்மாள் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

"நீ சொன்னாத்தான் நடக்குதே" என்றாள். "பெட்ரோலு, கேஸு ரெண்டையும் கொறைச்சாச்சின்னு ஒரு தடவ மைக்குல சொல்லிடும்மா. மிச்சத்த அவுங்க பாத்துப்பாங்க."