மூன்றாவது எவால்ட்

எங்கப்பா பேரு எவால்ட். எண்பத்து மூணு வயசு. ஜெர்மனியில், கிரைஃப்ஸ்வால்ட் ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதும் ஒரே பேச்சு: "கதவைப் பூட்டினியா? எவால்ட் வந்துடுவான். பேரைத் திருப்பிக் கேப்பான்."

"எவால்ட் நீங்கதானேப்பா!" என்று கத்திவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, ஊருக்கே தெரியும்.

வாழ்நாள் பூராவும் அவருக்கு இந்தப் பயம்தான். வீட்டுக்கதவுக்கு ரெண்டு பூட்டு. "பொறந்த ஊர்ல, ஞானஸ்நானப் புத்தகத்துல என் பேரு இருக்கான்னு பாத்துப் படிச்சுக் காட்டு கண்ணு. அப்பதான் நிம்மதியாப் போவேன்" என்றார். தம்பி யோர்னைக் கிளப்பிக்கொண்டு எல்லை தாண்டினேன். அப்பா பிறந்த வீசன்டால் ஒருகாலத்தில் ஜெர்மனி. நாற்பத்தைந்தில் போருக்குப் பயந்து எங்கள் சனம் வண்டி கட்டி ஓடியபின் போலந்து.

கோயில் சாவி வைத்திருந்த போலந்துக்காரி பொஷேனா கசகசாக் கேக்கோடு புத்தகத்தையும் மேசையில் வைத்தாள். "நீங்க விட்டுட்டு ஓடினீங்க, நாங்க பூச்சி அரிக்காமப் பாத்துக்கிட்டோம்" என்றாள் அரைகுறை ஜெர்மனில். வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

"அக்கா, இந்தா இருக்கு. எவால்ட் ராட்லாஃப், பொறந்தது முப்பத்தெட்டுல."

வரியோரத்தில் கறுப்புச் சிலுவை. பிள்ளை செத்தால் ஞானஸ்நான வரிக்குப் பக்கத்திலேயே சிலுவை போட்டுத் தேதி எழுதுவார் பாதிரியார். புத்தகத்தை வெடுக்கென்று என் பக்கம் இழுத்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

"அட மக்கு! அப்பா பொறந்தது நாப்பத்தொண்ணுல. செத்த பிள்ளை பேரை அடுத்த பிள்ளைக்கு வைக்கிறது நம்மாளுங்க வழக்கமாச்சே. தள்ளுடா பக்கத்தை."

நாற்பத்தொன்றில் இன்னொரு எவால்ட். அதே தாய், அதே தகப்பன். யோர்ன் கட்டைவிரலால் பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. உடனே போன் போட்டேன்.

"அப்பா, இருக்கீங்க! முன்னாடி அதே பேர்ல ஒரு அண்ணன் செத்திருக்கான், அவ்வளவுதான். பேரு உங்களுக்கு முறையா வந்தது."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். "நெசமாவா? தேதியைப் படி கண்ணு."

"மே பதினெட்டு, நாப்பத்தொண்ணு..."

யோர்ன் விரலை எடுத்தான். அதனடியில் இன்னொரு சிலுவை. நாற்பத்தைந்து, மார்ச் இரண்டு. பக்கங்களைப் புரட்டினேன். மூன்றாவது எவால்ட் இல்லை. மார்ச் மூன்றுக்குப் பிறகு வெறும் தாள்தான், ஊரே ஓடிவிட்டிருந்தது.

"அப்ப அப்பா யாருக்கா?" யோர்ன் கிசுகிசுத்தான்.

ஓடிய வழியில் கிடைத்த ஏதோ பிள்ளை. பிள்ளையைப் பறிகொடுத்த அந்த அம்மா வழக்கப்படிதான் செய்திருக்கிறாள். செத்தவன் பேரும் காகிதமும் அடுத்தவனுக்கு.

"என்ன கண்ணு, பேச்சக் காணோம்?"

"ஒண்ணுமில்லப்பா. வேற எதுவும் எழுதல."

"மார்ச் ரெண்டுன்னு எழுதியிருக்குல்ல?" என்றார் அப்பா மெதுவாக.

போனைக் காதோடு அழுத்தினேன். "யாருப்பா சொன்னா?"

"இவன்தான். கட்டில் ஓரத்துல உக்காந்திருக்கான். பாவம், காலெல்லாம் பனி. பேரைக் குடுத்துட்டேன் கண்ணு. இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவே?"

அழுகையை அடக்க முடியவில்லை. "அப்பான்னுதான். என்னைக்கு உங்கள எவால்டுன்னு கூப்பிட்டேன்?"

"அது போதும்" என்றார்.

சாயங்காலம் நாங்கள் போய்ச் சேரும்முன் போய்விட்டார். அறைக்கதவு விரியத் திறந்து கிடந்தது. கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த பேர் அட்டையைக் காணோம். யாரும் எடுக்கவில்லை என்று நர்ஸ் சத்தியம் செய்தாள்.

கல்லறைக் கல்லில் 'அப்பா' என்று மட்டும் வெட்டச் சொன்னேன்.