பீலித் தண்ணீரில் பெட்ரோல்

மன்னார்க் கடலில் எண்ணெய் தேடப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த 2008ஆம் ஆண்டில், தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ரொபர்ட்டும் எண்ணெய் கண்டுபிடித்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, மலையூற்றைக் கொண்டுவரும் பீலியின் தண்ணீர் தேங்கும் குழியில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. த்ரீவீல் ஓட்டுகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? இரத்தினபுரியில் மாணிக்க வியாபாரம் செய்யும் கபூர் முதலாளி தோண்டப் பணம் போடுவார் என்று உடனே அவருக்குப் போன் போட்டுவிட்டான்.

அவனுடைய தங்கை அனோஜா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பாறைகளையும் மண்ணையும் ஆராயும் புவிச்சரிதவியல் படிப்பவள். லீவுக்கு வந்திருந்தாள்.

“முதலாளி வர்றாரு. நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

“பாக்காம எப்படிண்ணே சொல்றது?”

“அதான் நான் பாத்துட்டேன்ல!”

கபூர் முதலாளி ஜீப்பை விட்டு இறங்கியபோது பாதி லயம் குழியைச் சுற்றி நின்றது. அத்தனை பேர் முன்னால் அண்ணனைத் தலைகுனிய வைக்க அனோஜாவுக்கு மனமில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு குச்சியை எடுத்துப் படலத்தைக் குத்தினாள். அது அப்பளம் போல நொறுங்கி, துண்டு துண்டாகவே மிதந்தது.

“எண்ணெயா இருந்தா மறுபடி ஒன்னு சேரும், முதலாளி. இது தண்ணியில இருக்கிற இரும்பால வர்ற ஆடை.”

“ஆழமாத் தோண்டினா இருக்காதா மகள்?”

அனோஜா வீட்டுக்கு ஓடினாள். பையில் கிடந்த மணற்கல்லையும் தேங்காய் எண்ணெய்ப் போத்தலையும் கொண்டுவந்தாள். மணற்கல்லில் விட்ட சொட்டு உள்ளே மறைந்தது. குழியோரத்துக் கருங்கல்லில் விட்டது வழுக்கி வழிந்தது.

“இது மணலு படிஞ்சு படிஞ்சு இறுகின கல்லு. நடுவுல கண்ணுக்குத் தெரியாத சந்து நெறைய. பெட்ரோல் அதுக்குள்ளதான் ஊறி நிக்கும். சில சுண்ணாம்புக் கல்லுலயும் அப்படித்தான். மேல களிமண் பாறை மூடியா இருந்தா வெளிய போகாது. நம்ம மலை சூட்டுல வெந்து இறுகின கல்லு. எண்ணெய்க்கு எடமே இல்ல.”

“அடியே, இருக்கிற எண்ணெயையெல்லாம் கல்லுக்குத் தேச்சிடாத!” என்று அம்மா அந்தோனியம்மா கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

ரொபர்ட் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப... நான் த்ரீவீல்ல ஊத்துனது?”

“என்னண்ணே ஊத்துன?”

“இந்தக் குழித் தண்ணிதான். மேலாப்புல அள்ளி, அரைப் போத்தல்.”

கபூர் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வந்த காரியம் பொய்த்ததில் அவருக்குக் கோபமே இல்லை. த்ரீவீலைக் கராஜுக்கு இழுத்துப் போக ஜீப்பில் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். அனோஜாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். ஆற்றுமண்ணுக்கு அடியில் மாணிக்கக்கல் எப்படி வந்து சேர்கிறது என்று டவுன்வரை கேட்டுக்கொண்டே வந்தார். பின்னால் ரொபர்ட் ஒவ்வொரு வளைவிலும் “மெதுவா, முதலாளி!” என்று அலறினான்.

அண்ணன் தன்மேல் கோபமாயிருப்பான் என்றுதான் அனோஜா நினைத்திருந்தாள். கராஜில் டாங்கியைக் கழுவிய மெக்கானிக் பாஸ், “இதுல யாரு தம்பி தண்ணி ஊத்துனது?” என்று கேட்டார்.

ரொபர்ட் நெஞ்சை நிமிர்த்தினான். “தங்கச்சி பெட்ரோல் பத்திப் படிக்குது, பாஸ். நாங்க ரெண்டு பேரும் ஒரு சோதனை செஞ்சோம்.”