டம்ளரில் இருந்தது சீரகம் இல்லை

1.

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் உதித்தது என் அக்கா வீட்டு அடுப்படியில், இன்று விடியற்காலையில், மாமா வாய் கொப்பளித்த சத்தத்தில். அக்கா போன் பண்ணிச் சொன்னாள். "கேட்டுட்டுச் சும்மா இரு. எழுதிக்கிழுதித் தொலைக்காத" என்றாள். எங்கள் வீட்டில் "எனக்குச் சோறு வேணாம்" என்றால் தட்டை வை என்று அர்த்தம். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

தொடக்கம் ஒன்று: ஈரமான இருளின் கருவறையில் ஒரு விதை தன் முதல் கனவை...

(அடித்துவிட்டேன். நான் கல் சுமந்தவர்கள் வீட்டில் பிறந்தவள். விதை கனவெல்லாம் காணாது. தண்ணீர் குடிக்கும், வீங்கும், முளைக்கும். சிலது முளைக்காது.)

தொடக்கம் இரண்டு: அக்கா ஓர் எவர்சில்வர் டம்ளரில் கேரட் விதையை ஊறப்போட்டாள்.

இது நிற்கிறது. இதிலிருந்து போவோம்.

2.

மாமா, அதாவது அக்கா புருஷன், சரக்குப் பெட்டி தூக்கும் கிரேன் ஓட்டுகிறவர். ஆகாயத்தில் ஒரு கூண்டு. அதில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கீழே குனிந்து பார்ப்பதுதான் வேலை. கழுத்து குனிந்தபடியே இறுகிவிட்டது. எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து பின்னால் சாய்வார். புதிதாகப் பார்ப்பவர்கள் திமிர் என்று நினைப்பார்கள்.

வேறு ஊரில் புதுக் கிரேன் வந்திருக்கிறது. தரையில் அறைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்தே ஓட்டலாம். மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு கதவைக் கழற்றிப் போட்ட அளவுக்கு ஒரு துண்டு மண். அதிலிருந்த ஓட்டுச்சில்லு, ஆணி, கண்ணாடித்தூள் எல்லாவற்றையும் சல்லடையில் சலித்துச் சலித்து எடுத்தாள். இது அவளுக்கு மூன்றாவது வீடு. போன வீட்டில் அவள் வைத்த எலுமிச்சையை இப்போது யாரோ பிழிந்து குடிக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, லீவில் இருந்த மாமா கேட்டார்:

"போலாமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லேன்."

"ஊறப்போடுங்க. காலையில சொல்றேன்."

(இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு தேவை. ஆனால் அடிக்குப் போனால் நீங்கள் திரும்பி வர மாட்டீர்கள், இங்கேயே சொல்கிறேன். ஊறப்போடுவதில் இரண்டு உண்டு. பொருளை ஊறப்போட்டால் மறுநாள் வேலை நடக்கும். பேச்சை ஊறப்போட்டால் நடக்காது. மாமா இரண்டாவதை எடுத்துக்கொண்டார். தட்டிக்கழிக்கிறாள், வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படியென்றால் சம்மதம்தான் என்று கணக்குப்போட்டு, அட்டைப்பெட்டி வாங்கிவந்து பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை.)

3.

அக்கா வேலை முடிந்து வந்து பார்க்கிறாள். அடுப்படி காலி. வெளியே மிஞ்சியது ஒரு டம்ளர். இந்தக் கட்டத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எழுதியதைப் போனில் அவளுக்கே படித்துக் காட்டினேன்.

"பெட்டிகளைப் பார்த்த அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு, டம்ளர் நீரில்..."

"ஏய், நிறுத்து. யாருடி அழுதா?"

"கதைக்காகக்கா."

"உப்புத் தண்ணியில விதை முளைக்குமா? புத்தியிருக்கா உனக்கு?"

சொட்டை எடுத்துவிட்டேன், விவசாயக் காரணங்களுக்காக.

"அப்ப என்னதான் செஞ்ச?"

"பாத்தேன். ஓ, சேதி அப்படியா போகுதுன்னு நெனச்சேன். விதைப் பாக்கெட்டைக் கிழிச்சு டம்ளர்ல கொட்டினேன்."

ஏன் கேரட்? கத்தரியோ தக்காளியோ என்றால் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம். கேரட்டைப் பிடுங்கி நட்டால் வேர் கோணிக்கொள்ளும். போட்ட இடத்திலேயேதான் விளையும். அவசரமும் படாது.

(குறியீடு மாதிரித் தெரிகிறது, இல்லையா? நான் வைக்கவில்லை. அக்கா வைத்தாள்.)

4.

அந்த டம்ளரில்தான் தினமும் மாமாவுக்குச் சீரகம் ஊறும். கூண்டிலேயே உட்கார்ந்திருப்பதால் வயிறு உப்புசம். விடியற்காலையில் விளக்குக்கூடப் போடாமல் எடுத்து அண்ணாந்து... அண்ணாந்து எங்கே, இடுப்போடு சாய்ந்து வாயில் ஊற்றிக்கொள்வார். கேரட் விதை சீரகத்துக்குப் பங்காளி மாதிரி இருக்கும். இன்றும் ஊற்றிக்கொண்டார்.

"என்னடி இது, கசக்குது?"

நான் எழுதிய வசனம்: "அது சீரகமில்லை. என் பதில்."

"நான் என்னிக்குடி இப்படிப் பேசினேன்? சினிமாவா?" என்றாள் அக்கா. உண்மையில் பேசியது இது:

"ஐயோ, துப்புங்க! கேரட்டு!"

"கேரட்டா? எங்க?"

"உங்க வாயில!"

கொப்பளித்தார். விளக்கைப் போட்டார். "எதுக்கு இப்ப கேரட்டை ஊறப்போட்ட? நாமதான் போறமே."

"போறோம்னு யாரு சொன்னா?"

"நீதான ஊறப்போடுன்னே?"

"போட்டேன்ல?"

மாமா டம்ளரைப் பார்த்தார். குனிந்து பார்ப்பது ஒன்றுதான் அவருக்குச் சுலபம். அடியில் பாதி விதை ஒட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தாராம். பிறகு குழாயைத் திறந்து, விதை மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் பிடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

"எதுக்குக்கா தண்ணி ஊத்தினாரு?"

"அதான் எனக்கும் தெரியல."

5.

முடிவு அ: போகிறார்கள். மாமா நிமிர்கிறார். சலித்த மண்ணில் வேறு யாரோ மிளகாய் போடுகிறார்கள்.

முடிவு ஆ: இருக்கிறார்கள். கேரட் நன்றாக வருகிறது. மாமா குனிந்தபடியே அதைச் சாப்பிடுகி...

(இதற்கு மேல் என் கை போகவில்லை. உடம்பால் உழைக்கிறவருக்குக் கழுத்து சின்ன விஷயமில்லை. மூன்று வீடு பார்த்தவளுக்கு மண்ணும் சின்ன விஷயமில்லை. யாரைத் தோற்கடித்துக் கதையை முடிப்பது?)

சற்று முன் அக்காவையே திரும்பக் கூப்பிட்டேன். மாமா வேலை முடிந்து வந்துவிட்டாராம்.

"என்னக்கா முடிவு?"

"எதுக்கு?"

"கதைக்கு."

 போனுக்குள் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"என்னக்கா அது?"

"உங்க மாமாதான். பெட்டி டேப்பு."

"ஒட்டுறாரா, பிரிக்கிறாரா?"

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "ஊறட்டும்டி" என்று போனை வைத்துவிட்டாள்.

வீட்டிலிருந்த டேப்பை எடுத்து இழுத்துப் பார்த்தேன்: டர்ர்ர். ஒரு பெட்டியில் ஒட்டிவிட்டுப் பிய்த்துப் பார்த்தேன்: டர்ர்ர்.

உங்கள் காது என் காதைவிடக் கூர்மையாக இருக்கலாம். கேட்டுச் சொல்லுங்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள், விதை ஊறிவிட்டது.