ரேஷன் கார்டு கோவில்பட்டியில் இருக்கிறது

புனேயில் அந்த ஆஸ்பத்திரியில் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இன்ஷூரன்ஸைக் கேட்டார்கள். என் கணவர் கந்தசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, "கேஷ்லெஸ் ஆஹே கா?" என்கிறாள், பணம் கட்டாமல் சேர்க்கிற இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று. இல்லை என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான் என்னவோ செருப்பில் சாணியோடு உள்ளே வந்துவிட்ட மாதிரி.

இன்ஷூரன்ஸ் இருந்ததுதான். இங்கே ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனிகளுக்குக் கேப் விடும் காண்டிராக்டரிடம் இவர் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசர். மார்ச்சில் காண்டிராக்ட் போனது, வேலை போனது, கூடவே அதுவும் போனது. இப்போது டிசம்பரில் மூன்று அடைப்பு. சீக்கிரம் பைபாஸ் செய்ய வேண்டும், மாதக் கணக்கில் தள்ளக் கூடாது, படி ஏறக் கூடாது, ரயில் பயணம் கூடவே கூடாது என்றார் டாக்டர். இத்தனை கூடாதுகளையும் சொல்ல அவருக்கு இரண்டு நிமிஷம் ஆகவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கேட்டேன். ஏப்ரலில் வரச் சொன்னார்கள். ஏப்ரல் வரைக்கும் இவர் இருக்க வேண்டாமா?

நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். மாவு வாங்க வரும் சஹானாதான் சொன்னாள், டிரஸ்ட் ஆஸ்பத்திரிகளில் இல்லாதவர்களுக்கென்று கட்டில் ஒதுக்க வேண்டும், சட்டமே இருக்கிறது, கேட்டால்தான் சொல்லுவார்கள் என்று. மறுநாள் அதே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேடினேன். அறிவிப்புப் பலகை இருந்தது. லிஃப்டுக்குப் பின்னால், மராத்தியில், ஆள் உயரச் செடித்தொட்டி ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. தொட்டியை நகர்த்தித்தான் படித்தேன். அதற்கும் வாட்ச்மேன் விரட்ட வந்தான். வாசலில் சலவைக்கல் பிள்ளையார், பக்கத்தில் காபிக் கடை, தர்ம ஆஸ்பத்திரி என்று பெயர். தூ.

சோஷியல் ஒர்க்கரின் அறை பேஸ்மென்டில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். அந்தம்மாள் நல்லவள், பொய் சொல்லக் கூடாது. கட்டில் இருக்கிறது, மகாராஷ்டிரா ரேஷன் கார்டு கொண்டுவாருங்கள், ஒரே வாரத்தில் சேர்த்துவிடலாம் என்றாள். பதினெட்டு வருஷமாகப் புனேயில் சோறு தின்கிறோம், எங்கள் கார்டு கோவில்பட்டியில் இருக்கிறது.

இது நம் ஆட்களுக்கே உரிய கூத்து. எந்த ஊருக்குப் பிழைக்கப் போனாலும் கார்டை மட்டும் சொந்த ஊரில் விட்டு வைப்போம். இவருடைய தம்பி சின்னதுரை தன் மகன் பெயரை எங்கள் கார்டில் ஏற்றி, அவன் கைரேகையை வைத்து மாதாமாதம் அரிசி, சர்க்கரை, தைக்குத் தை பொங்கல் பரிசு எல்லாம் வாங்கிக்கொள்கிறார். அவருக்குத் தனிக் கார்டு வேறு இருக்கிறது. சும்மா கிடக்கிற கார்டுதானே, அனுபவிச்சுட்டுப் போறான் என்பார் இவர். நானும் மண்டையை ஆட்டினேன். எனக்கும்தான் அறிவில்லை.

இங்குள்ள தாசில்தார் ஆபீசில் விசாரித்தேன். பழைய கார்டை ஒப்படைத்ததற்குச் சான்று இருந்தால், ஆபரேஷன் காரணத்தைக் காட்டி நாலைந்து நாளில் புதுக் கார்டு வாங்கிவிடலாமாம். ஒப்படைப்பதைப் போனிலேயே செய்யலாமாம். வீட்டுக்கு வந்து செய்தால், ஓடிபி சின்னதுரையின் போனுக்குப் போகிறது. கார்டில் தன் நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறார் மகராசன்.

அவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அடைப்பு, ஆபரேஷன், கட்டில் எல்லாவற்றையும் விளக்கி, வந்த ஆறு நம்பரையும் சொல்லச் சொன்னேன்.

"வந்திருக்கு மதினி. ஆனா பொங்கலுக்கு டோக்கன் குடுக்கப் போறாங்க. பொங்கல் முடியட்டுமே. ஒரு மாசந்தானே. அண்ணனுக்கு மாத்திரை குடுக்கீங்கள்ல?"

ஒரு கரும்பு, ஒரு கிலோ பச்சரிசி, ஒரு வேட்டி சேலை. அதற்காகக் கூடப் பிறந்தவன் உயிர் வரிசையில் நிற்க வேண்டும். அதைவிட அருவருப்பு இவர் செய்த காரியம். மூச்சு வாங்க வாங்க என் கையிலிருந்து போனை வாங்கி, "சரிடே, பொங்கல் முடியட்டும். நீ ஒண்ணும் நெனைக்காத" என்றார். தான் செத்தாலும் பரவாயில்லை, ஊரில் நல்ல அண்ணன் என்ற பேர் கெடக் கூடாது. இந்த மனுஷனை எதைக் கொண்டு அடிக்க?

போனைப் பிடுங்கினேன். கத்தவில்லை.

"நீங்க சொல்லுறதும் சரிதான் தம்பி. கார்டு அங்கனயே இருக்கட்டும். கார்டு இருக்க ஊர்லயே ஆபரேஷன் பண்ணிக்கிடுதோம். நாளைக்கே ரயில் ஏறுதோம். முன்னால ஒரு மாசம், பின்னால மூணு மாசம், உங்க வீட்டுலதான் இருக்கணும். கீழ் ரூம ஒழிச்சு வைங்க. அவருக்குப் பீ மூத்திரம் எல்லாம் படுக்கையிலதான் பாக்கணும்."

இவர் என்னைப் பார்த்தார். டாக்டர் சொன்னது நினைவில்லையா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள், அந்தப் பக்கம் சின்னதுரை பெண்டாட்டி ஏதோ கேட்பதும், அவர் போனைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வதும் காதில் விழுந்தன. அரை நிமிஷம்கூட இருக்காது.

"மதினி, நம்பரை எழுதிக்கிடுங்க" என்றார்.

இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சரியாப் போச்சா, கார்டு அங்க மாறிடும்லா, அங்கயே ஆபரேஷன் ஆயிரும்லா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணனிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

நம்பரை இவரே தட்டினார். ஒரு தடவை தப்பாகப் போனது. நான் உதவிக்குப் போகவில்லை.