நல்லா நடந்த செவ்வாய்க்கிழமை

அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவில் உலர்த்தும் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. மேலே வார்டிலிருந்து போனுக்கு மேல் போன். "விரிப்பு இல்லாம நோயாளிய எங்க படுக்க வைக்கிறது?" என்று நர்ஸ் கத்திக்கொண்டிருந்தாள். கீழே மேற்பார்வையாளர் தன் ஆட்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்.

"யாரு அளவுக்கு மேல துணிய போட்டது? சொல்லாம ஒருத்தரும் நகரக் கூடாது."

யாரும் வாயைத் திறக்கவில்லை. ஈரத் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும், இயந்திரத்தை அப்புறம் பார்க்கலாம் என்பது அவர் வழக்கம். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'விசாரணை' என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. தப்பு யார் மேல் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று மனதார நம்பியவர், அவ்வளவுதான்.

புகார்கள் குவியவே, நிர்வாகம் ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. சின்ன வயதுப் பெண். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, துணி மடிக்கும் மேசையருகே எல்லோரோடும் உட்கார்ந்துவிட்டாள். விசாரணை தயாராக இருந்தார்.

"மேடம், யாரு யாரு மேல தப்புன்னு நானே சொல்லிடறேன். உங்களுக்கு வேல மிச்சம்."

"அது இருக்கட்டும் சார். சமீபத்துல எல்லா வார்டுக்கும் துணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள் ஏதாவது இருக்கா?"

அவர் விழித்தார். "கெட்டத சரி பண்ணத்தானே வந்தீங்க? நல்லா நடந்தத எதுக்குக் கேக்கறீங்க?"

"அன்னைக்கு நீங்கல்லாம் ஏதோ ஒண்ண வேற மாதிரி செஞ்சிருப்பீங்க. அது என்னன்னு தெரிஞ்சா, அதையே இன்னும் கொஞ்சம் அதிகமா செய்யலாமே."

இஸ்திரி போடும் அக்கா மெதுவாகச் சொன்னாள். "போன செவ்வாக்கிழம போச்சு மேடம். ஒரு வார்டு பாக்கி இல்ல."

"அன்னைக்கு என்ன வித்தியாசம்?"

அக்கா தரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த, உலர்த்தும் இயந்திரத்தில் துணி போடுகிறவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினார்.

"அன்னைக்கு... சார் லீவு" என்றாள் அக்கா.

கூடமே சிரித்தது. பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, சார் இல்லாதப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

"மெஷின் திணறுச்சு. 'ஐயோ, நான் அதிகமா போட்டுட்டேன்'னு சத்தம் போட்டேன். எல்லாரும் ஓடி வந்து பாதிய எடுத்துட்டாங்க. சார் இருந்திருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன்" என்றார் இருமியவர்.

விசாரணைக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு நடக்கும்போது கோபமா, அவமானமா என்றே அவருக்குப் பிடிபடவில்லை. இது என்ன பயிற்சி? குற்றவாளியே இல்லாமல் ஒரு விசாரணையா? அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஊர் சுற்றவா போனார்? தம்பியை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகத்தானே லீவு போட்டார்!

தம்பி லாரி ஓட்டியவன். குடியால் வேலை போயிற்று, மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது அண்ணன் வீட்டுப் பின்னறையில் கிடக்கிறான். தினமும் மாலையில் அங்கேயும் விசாரணைதான். "ஏன்டா குடிக்கற? எவன்கூட குடிச்ச?" தம்பி சுவரைப் பார்த்தபடி இருப்பான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவான். திரும்பும்போது கால் நிலையில் இருக்காது.

அன்றைக்கு அவர் வாயில் வழக்கமான கேள்வி வரவில்லை. வேறொன்று வந்தது.

"செவ்வாக்கிழம நீ குடிக்கல, இல்ல?"

"என்ன, கிண்டலா?"

"இல்லடா. நெஜமாத்தான் கேக்கறேன். அன்னைக்கு எப்படி முடிஞ்சது?"

தம்பி எழுந்து உட்கார்ந்தான். "டாக்டர் கூப்பிட நேரமாச்சு. உனக்கும் திட்டித் திட்டி அலுத்துப்போச்சு போல. சும்மா பேசிட்டிருந்தோம். சின்ன வயசுல நாம ரெண்டு பேரும் சைக்கிளோட சாக்கடையில விழுந்தத சொல்லிச் சிரிச்ச. வீட்டுக்கு வந்தும் அதே நெனப்பு. அப்படியே தூங்கிட்டேன்."

விசாரணைக்குத் தலை சுற்றியது. அதே செவ்வாய்க்கிழமை! அங்கே அவர் இல்லாததால் வேலை நடந்தது. இங்கே அவர் இருந்ததால் தம்பி குடிக்கவில்லை. அப்படியென்றால் அவர் இருக்க வேண்டுமா, கூடாதா? மனைவியிடமே கேட்டார்.

"நீங்க இருந்தா யாருக்கும் ஒண்ணும் இல்லங்க. நீங்க கேக்கற கேள்விதான் ஆள உக்கார விடாது" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. வேலையிடத்தில் "யாரு..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொள்வார். சில நாள் கடிக்க மறந்துவிடும். மாலையில் தம்பியோடு சும்மா நடந்துவிட்டு வருவார். பேச ஒன்றும் இல்லாமல் இருவரும் திண்டாடுவார்கள். ஆனாலும் துணி முன்பைவிட நேரத்துக்குப் போயிற்று. தம்பியும் குடிக்காத நாட்கள் வந்தன. எதனால் எது நடக்கிறது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

ஒருநாள் மாலை தம்பி தள்ளாடிக்கொண்டு வாசலுக்கு வந்தான். 'ஏன்டா' என்ற சொல் அவர் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"இத்தன நாள் குடிக்காம எப்படிடா தாக்குப் பிடிச்ச?"

திட்டு விழும் என்று நினைத்து வந்தவன் போல, தம்பி அவரையே பார்த்தான். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதான்.

"எல்லாரும் ஏன் குடிச்சேன்னுதான் கேட்டீங்க. குடிக்காம இருந்தப்போ எப்படி இருந்தேன்னு இப்ப உன்னத் தவிர யாருமே கேட்டதில்லண்ணே. அப்படி ஒரு நாள் இருந்துச்சுங்கறதே எனக்கு மறந்துபோயிருந்துச்சு. நாளைக்கு நானே டாக்டர்கிட்ட போறேன். நீயும் வா."

விசாரணை அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மனைவியிடம் சொன்னார்:

"தப்பத் தேடித் தேடி இத்தன வருஷம் எல்லாரையும் ஊமையாக்கி வெச்சிருந்திருக்கேன். ஒருத்தன் விழுந்த எடத்தையே காட்டிட்டிருந்தா அவன் எந்திரிக்க மாட்டான். அவன் நின்ன நாள ஞாபகப்படுத்தணும். அப்பத்தான் மறுபடியும் நிப்பான்."